ஓடைப் பாறையில் பூத்த செந்நிறக் காசித்தும்பை: வீட்டுக்குக் கொண்டுவந்தால் காப்பாற்றியதாகுமா?

வால்பாறைப் பக்கம் ஒரு காட்டோடையில், தண்ணீர் தெறிக்கும் பாறை இடுக்குகளில் செக்கச்செவேல் என்று பூத்திருந்த செடியைப் படமெடுத்துப் போட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். இது என்ன செடி? கூட வந்தவர் இதை அரிய இனம் என்றாராம். ஆனால் அந்த ஓடையில் நூற்றுக்கணக்கில் நிற்கிறதே, அப்புறம் எப்படி அரிது? ஒரு கொப்பை ஒடித்து வந்து வீட்டுத் தொட்டியில் வளர்த்தால் அந்த இனத்தைக் காப்பாற்ற நம்மால் ஆன உதவியாக இருக்காதா? மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஓர் அரிய செடியை அது வளரும் இடத்திலிருந்து பிரித்து எடுத்து வந்தாலும் அது பிழைத்ததாகக் கொள்ளலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது. நான் தாவரவியல் படித்தவன். ஆனைமலை, பழனி மலை, அகத்தியமலைப் பகுதிகளில் ஓடைக்கரைச் செடிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்கள் படத்தில் இருப்பது காசித்தும்பைக் குடும்பத்துச் செடி, இம்பேஷியன்ஸ் பேரினம். சதைப்பற்றுள்ள, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தண்டு, கணுக்களில் லேசான வீக்கம், பூவின் பின்பக்கம் வால் போல நீளும் மெல்லிய குழல் ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் வேறு குடும்பத்தைத் தேட வேண்டியதில்லை. வீட்டு வாசலில் வளர்க்கும் காசித்தும்பையும் இதே பேரினம்தான். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஏறக்குறைய நூறு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த மலைத்தொடரை விட்டு வெளியே எங்கும் கிடையாது. சில ஒரே ஒரு மலைக்கூட்டத்தோடு, சில ஒன்றிரண்டு சோலைகளோடு நின்றுவிடுகின்றன.

எந்த இனம் என்பதில்தான் எனக்குத் தயக்கம். சிவப்பு நிறம், பாறை, ஓடை, ஆனைமலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இம்பேஷியன்ஸ் வெர்டிசில்லாட்டா என்றுதான் முதலில் தோன்றுகிறது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வளரும் இனம் அது. ஓடையின் நடுப்பாறைகளிலும் ஈரம் வழியும் கரைகளிலும் நிற்கும். ஒரே கணுவில் பல இலைகள் வட்டமாகச் சுற்றி நிற்பது அதன் முக்கிய அடையாளம். உங்கள் படத்தில் ஒரு கணுவில் மூன்று இலை இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் அந்தப் பகுதி மங்கலாக இருப்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், அதே ஓடைகளில் இன்னொரு இம்பேஷியன்ஸ் தாராளமாகப் பரவியிருக்கிறது. வாலேரியானா என்பது அதன் பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செடி. உலகெங்கும் நர்சரிகளில் நிழல் தோட்டத்துக்காக விற்கப்படுவது. வால்பாறை, மூணாறு, கொடைக்கானல், ஊட்டி போன்ற ஊர்களில் பங்களாத் தோட்டங்களில் இருந்து தப்பி ஓடைக்கரைகளில் காட்டுச்செடி போலவே நிற்கிறது. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, சிவப்பு என்று பல நிறங்களில் பூக்கும். சுற்றுலா வருபவர்கள் 'மலையில் பார்த்த அபூர்வப் பூ' என்று எடுக்கும் படங்களில் நிறைய இதுதான். இதன் இலை அகலமாக, முட்டை வடிவில், ஓரத்தில் சிறு பற்களோடு இருக்கும். தண்டில் மாறி மாறி அமையும். ஆனால் நுனிப்பக்கத்து இலைகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் வட்டமாக அமைந்தது போல ஏமாற்றும். அதனால் நுனியைப் பார்க்காமல் தண்டின் நடுப்பகுதிக் கணுக்களைப் பார்க்க வேண்டும். அங்கே இலைகள் ஒரே கணுவில் சுற்றி நின்றால், அதுவும் குறுகலாக ஈட்டி போல இருந்தால், வெர்டிசில்லாட்டா என்று ஓரளவு நம்பலாம். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் தெரிந்துகொண்டு மலை ஏறினாலே உங்கள் கண்ணுக்கு ஓடை வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

இந்தப் பேரினத்துக்குள் இனங்களைப் பிரித்தறிவது பழுத்த தாவரவியலாளர்களுக்கே சிரமமான வேலை. பூ அவ்வளவு மென்மையானது. காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்தால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாலும் பையும் நசுங்கி, நிறமும் போய்விடும். ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், நூறு வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு பழுப்புக் கறை. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தன் கடைசி ஆண்டுகளை இந்தப் பேரினத்தோடுதான் கழித்தார். 1911-இல் 94 வயதில் அவர் இறக்கும்வரை அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்பே சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், தென்னிந்தியக் காசித்தும்பைகள் பலவற்றை முதன்முதலில் விவரித்தார். வெர்டிசில்லாட்டாவுக்குப் பெயரிட்டவரும் அவர்தான். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். காய்ந்த மாதிரியில் தொலைந்துபோகும் வடிவத்தை அவர்களுடைய கோடுகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இன்றைக்கு அந்த வேலையை ஒரு நல்ல புகைப்படம் செய்யலாம், எப்படி எடுப்பது என்று தெரிந்திருந்தால். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பூவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் கொப்பு ஒடிப்பது பற்றிய பதில் அதிலிருந்துதான் கிளம்புகிறது. இம்பேஷியன்ஸ் பூ முதலில் ஆணாக இருக்கும், பிறகுதான் பெண்ணாகும். மலர்ந்தவுடன் மகரந்தப்பைகள் ஐந்தும் ஒன்றாக ஒட்டி, உள்ளே இருக்கும் சூல்முடியை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதியின் நுனியை, தொப்பி போட்டது போல மூடியிருக்கும். தேன் குடிக்க வரும் பூச்சியின் முதுகில் அந்தத் தொப்பி மகரந்தத்தைத் தடவி அனுப்பும். பிறகு தொப்பி கழன்று விழும். அப்போதுதான் சூல்முடி வெளியே தெரியும். ஆக ஒரே பூவுக்குள் தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழ வாய்ப்பு மிகக் குறைவு. ஆண் நிலையில் ஒரு பூ, பெண் நிலையில் இன்னொரு பூ, இரண்டுக்கும் நடுவில் ஒரு பூச்சி என்று மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். தேன் இருப்பது வாலின் நுனியில். நீண்டு மெலிந்த வால் என்றால் அதற்கேற்ற நீளமான உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சி தேவை. அகலமான பை போன்ற பூ என்றால் உள்ளே நுழையும் தேனீ போதும். அடுத்த முறை போகும்போது ஒரே செடியில் தொப்பியோடு இருக்கும் பூவையும் தொப்பி விழுந்த பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாலேயே தெரியும், லென்ஸ் வேண்டாம்.

காய் முற்றினால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் காசித்தும்பையைத் தொட்டு விளையாடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பகுதிகளாக இணைந்த காயின் சுவரில் இழுவிசை சேர்ந்துகொண்டே வரும். லேசாகத் தொட்டாலும் பகுதிகள் சட்டென்று சுருண்டு விதைகளை விசிறி அடிக்கும். ஓடையோரச் செடிக்கு இந்தத் தெறிப்பு வெறும் முதல் படி. பாறையில் விழுந்த விதை மழை வந்தால் கழுவப்பட்டுக் கீழே போகும், எங்காவது இடுக்கில் மண்ணோடு தங்கும், முளைக்கும். தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும் என்பதை இங்கே கவனியுங்கள். ஓடை வழியாகப் போகும் விதை மேலே ஏறி வராது. மேலே ஏற வழி என்றால் காய் வெடித்துத் தெறிக்கும் சில அடி தூரம் மட்டுமே. எனவே ஓடையின் தலைப்பகுதியில் நிற்கும் செடிகள்தான் கீழே இருக்கும் அத்தனைக்கும் விதை தரும் தாய்க்கூட்டம் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. இது என் ஊகம்தான். ஒவ்வோர் ஓடையிலும் அளந்து பார்த்த உண்மையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊகம் சரியானால், மேல் ஓடையில் பத்துச் செடியைப் பிடுங்குவதும் கீழ் ஓடையில் பத்துச் செடியைப் பிடுங்குவதும் ஒன்றல்ல.

இப்போது இடம். வேகமாக ஓடும் நீரின் படுகையிலும், வெள்ளம் எட்டும் உயரம் வரையிலும் மட்டுமே வாழும் செடிகளைத் தாவரவியலில் தனி வகையாகப் பார்க்கிறோம். பேரினம் வேறு, குடும்பம் வேறு, கண்டம் வேறு என்றாலும் இவற்றில் சில குணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இலை குறுகிப் போகும், தண்டு ஒடியாமல் வளையும், வேர் பாறை இடுக்கை இறுகப் பற்றும். அகலமான இலையை வெள்ளம் கிழித்துவிடும். குறுகிய இலை நீரின் போக்கில் படுத்துக்கொள்ளும். வெர்டிசில்லாட்டாவின் ஈட்டி இலையை இப்படிப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

வெள்ளம் இந்தச் செடிக்கு எதிரி என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நெடுநாள் பார்த்தால் கணக்கு மாறிவிடும். தென்மேற்குப் பருவமழையில் ஓடை பெருகி வரும்போது பாறைகளைச் சுரண்டிக் கழுவிவிடுகிறது. புல், புதர், உண்ணிச்செடி, அயல் நாட்டிலிருந்து வந்த களைகள் எதுவும் அங்கே நிலையாகக் காலூன்ற முடிவதில்லை. வெள்ளத்தைத் தாங்கத் தெரிந்த சிலவற்றுக்கு மட்டும் அந்தப் பாறை சொந்தமாகிறது. காசித்தும்பை போட்டியில் பலவீனமான செடி. மெல்லிய தண்டு, ஆழமில்லாத வேர், வெயில் கொஞ்சம் கூடினாலும் தொங்கிப்போகும் இலை. சாதாரண மண்ணில் புல்லோடு மல்லுக்கட்டி அதனால் ஜெயிக்க முடியாது. வெள்ளம் எதிரிகளைத் துடைத்துவிடுவதால்தான் அதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. அதனால் ஓடையைச் 'சாதுவாக்கும்' எந்த வேலையும், ஒரு சின்னத் தடுப்பணை கூட, வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்து, பாறை இடுக்குகளில் வண்டலைப் படியவைத்து, இந்தச் செடியின் இடத்தைப் புல்லுக்குக் கொடுத்துவிடும்.

அதே பாறைகளில் நீங்கள் அநேகமாகக் கவனிக்காமல் மிதித்துப் போன இன்னொரு பூக்கும் தாவரக் குடும்பமும் இருக்கிறது. போடோஸ்டெமேசி என்பது அதன் பெயர். பாசி மாதிரிதான் தெரியும். மழைக்காலம் முழுக்க நீருக்கடியில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்க இறங்க, வெளியே தெரியும் பகுதியில் அவசர அவசரமாகப் பூத்து, காய்த்து, செடி காய்ந்து போய்விடும். விதை மிகச் சிறியது. ஈரம் பட்டதும் பசை போல ஆகிப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். நீர் ஏறி இறங்கும் அந்தத் தாளம் கெட்டால் அது பூக்கவே வழியில்லை. காசித்தும்பையைப் பற்றிக் கேட்டவருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓடையின் தாளத்தோடு பின்னிப் பிணைந்தது உங்கள் சிவப்புப் பூ மட்டுமல்ல. கண்ணுக்கு அழகாகத் தெரியாதவையும் அதே இடத்தில் அதே நிபந்தனையில் வாழ்கின்றன. வீட்டுத் தொட்டிக்கு யாரும் அவற்றைக் கேட்பதில்லை.

சரி, நூற்றுக்கணக்கில் நின்றால் எப்படி அரிது? டெபோரா ராபினோவிட்ஸ் என்ற சூழலியலாளர் 1981-இல் அரிதாக இருப்பது என்பதை மூன்று தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்தார். செடி பரவியிருக்கும் பரப்பு பெரிதா சிறிதா? பல வகை இடங்களில் வளருமா, ஒரே வகை இடத்தில் மட்டுமா? வளரும் இடத்தில் எங்காவது கூட்டமாக இருக்கிறதா, எல்லா இடத்திலும் ஒன்றிரண்டுதானா? இந்த மூன்றுக்கும் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் எட்டு சாத்தியங்கள் வரும். அதில் ஒன்று மட்டுமே சாதாரணமான செடி, மற்ற ஏழும் ஏழு விதமான அரிது. உங்கள் செடி வெர்டிசில்லாட்டாவாக இருந்தால் பரப்பு சிறியது, இடமும் ஒரே வகை, ஆனால் அந்த இடத்துக்குள் எண்ணிக்கை நிறைய. இந்த வகைதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. கண் முன்னால் நூறு பூ நிற்கும்போது 'ஒன்று எடுத்தால் என்ன' என்று கை போகும். ஆனால் அந்த நூறும் ஒரே ஓடையின் நூறு. ஓடை கெட்டால் ஒன்று ஒன்றாகக் குறையாது, மொத்தமாகப் போகும். காடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒற்றைச் செடிகளுக்கு ஓர் இடத்தில் நடக்கும் அழிவு அவ்வளவாக உறைக்காது. இதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நீங்கள் போட்ட படத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது பூ இல்லை. இடது ஓரத்தில், பாறைக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாய் போகிறது. மலை ஊர்களில் ஓடைத் தண்ணீரை விடுதிக்கோ வீட்டுக்கோ தோட்டத்துக்கோ இழுக்கப் போடும் குழாய் போலத் தெரிகிறது. ஒரு குழாய் ஒன்றும் செய்துவிடாது. ஒவ்வொரு விடுதியும் ஒன்று போட்டு, கோடையில் நீர் குறையும்போதும் இழுத்துக்கொண்டே இருந்தால், பாறையை நனைத்துக்கொண்டிருந்த சாரல் நின்றுபோகும். காசித்தும்பைக்குத் தண்ணீர் வேரில் மட்டும் போதாது. தெறிக்கும் சாரலும், ஆவியாகும் நீர் தரும் குளிர்ச்சியும், மேலே மரங்கள் தரும் நிழலும் சேர்ந்த காற்றுதான் அதற்கு வீடு. ஓடை வற்றிய பாறையில் வேர் இருந்தும் இலை கருகும்.

வால்பாறை போன்ற இடங்களில் இன்னும் சில அழுத்தங்கள் இருக்கின்றன. தேயிலை, ஓடைக் கரை வரைக்கும் நடப்பட்டிருந்தால் நிழல் மரம் போய்விடும், வெயில் இறங்கும், வெயிலைத் தேடும் களைகள் வரும். நீலகிரி, பழனி மலை ஓடைகளில் மெக்சிகோவிலிருந்து வந்த அஜெராட்டினா என்ற வெள்ளைப் பூக் களை இப்படித்தான் கரை முழுக்க அடைத்து நிற்கிறது. சரிவில் தெளிக்கும் களைக்கொல்லி மழையில் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் சோப்பு போட்டுக் குளிப்பது, துணி துவைப்பது, பிளாஸ்டிக் எல்லாம் உண்டு. இதில் எது எவ்வளவு சேதம் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல ஓடை ஓடையாக அளக்க வேண்டும். ஆனால் நிழலும் நீரோட்டமும் போன ஓடையில் பூர்வீகக் காசித்தும்பை இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிழல் திரும்பினால் ஓடையின் குளிர்ச்சியும் திரும்ப வழி உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வால்பாறையில் எஸ்டேட்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் மழைக்காடுகளில், அந்தந்த இடத்துக்குரிய மரங்களை நாற்றுவிட்டு நட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டெடுத்து வருகிறது. ஒரு பூவைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு இது சுற்றிவளைத்த வழியாகத் தோன்றலாம். எனக்கு இதுதான் நேர்வழி.

இனி கொப்பு. ஒடித்து வந்து தண்ணீரில் வைத்தால் அது வேர் விட நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தப் பேரினத்தில் பல இனங்கள் தண்டிலிருந்து சுலபமாக வேர் விடும். அதுதான் வம்பே. வேர் விட்டதைப் பார்த்துவிட்டு 'பிழைத்துவிட்டது' என்று நினைப்போம். சமவெளி வெயிலில், வறண்ட காற்றில், சில வாரமோ ஒரு கோடையோ தாங்கும், அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குத் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களிடம் இருப்பது ஒரே செடியின் நகல். ஒரு கொப்பிலிருந்து எத்தனை தொட்டி வைத்தாலும் மரபணுவில் எல்லாம் ஒன்றே. அதன் பூவுக்கு ஏற்ற பூச்சி அங்கே இல்லை, ஒரே செடியின் பூக்களுக்குள் மகரந்தம் மாறினாலும் புதிதாக எதுவும் சேரப்போவதில்லை. ஓர் இனம் உயிரோடு இருப்பது என்றால் அடுத்த தலைமுறை தானாக முளைத்து, வெள்ளத்தைத் தாங்கி, பூத்து, தன் விதையைத் தானே தூவுவது. தொட்டியில் அது நடக்காது.

செடியை நகர்த்துவதன் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். இதே பேரினத்தில் கிளாண்டுலிஃபெரா என்ற இனம் நம் இமயமலை ஓடைக்கரைகளுக்குச் சொந்தம். அழகாக இருக்கிறது என்று 1839-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளும் களையாக அங்கே அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் வாலேரியானா இங்கே வந்து நம் ஓடைகளில் நிற்பதும் அதே கதைதான், திசை மட்டும் வேறு. ஆக, இடம் மாறிய காசித்தும்பைக்குப் பெரும்பாலும் இரண்டு கதிதான்: வாடிப்போகும், அல்லது அந்த ஊர்ச் செடிகளுக்குத் தொல்லையாகும். ஓடையிலிருந்து எடுத்ததை வளர்த்துத் திரும்ப ஓடையிலேயே நடலாமே என்று சிலர் கேட்பார்கள். நர்சரியில் வளர்ந்த செடி நோயையும் சுமந்து வரலாம். தோட்ட வாலேரியானாவை ஒருவகை அடிச்சாம்பல் நோய் தாக்கி, 2000-களில் பிரிட்டனிலும் அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவிலும் நர்சரிகள் அந்தச் செடியை விற்பதையே குறைக்க வேண்டி வந்தது. அது நம் காட்டு இனங்களுக்குத் தாவும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு வழியை நாமே திறந்துவிடக் கூடாது என்கிறேன்.

அப்படியானால் காட்டுக்கு வெளியே வளர்ப்பதே தப்பா? இல்லை. முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வயநாட்டில் 1981-இல் தொடங்கிய குருகுலா தாவரப் புகலிடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நூற்றுக்கணக்கான இனங்களை, காசித்தும்பைகள் உட்பட, அதே மலைக்காற்றில் அதே மழையில் வளர்த்து வருகிறது. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் இந்த வேலையைச் செய்யும் இடம். அங்கே நடப்பதற்கும் வீட்டுத் தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஆர்வத்திலோ அன்பிலோ இல்லை. எந்த ஓடையில், எப்போது, எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்ற பதிவு, அனுமதி, பல இடத்துச் செடிகள், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் ஆகியவற்றில் இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனைமலைப் புலிகள் காப்பகம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளோடு தாவரங்களையும் சேர்த்தே காக்கிறது; அனுமதி இல்லாமல் ஒரு கொப்பு எடுத்தாலும் அது குற்றம். 'அந்தச் செடி பட்டியலில் இருக்கிறதா' என்று தேடுவது அங்கே தேவையே இல்லை. சட்டம் பெயர் சொல்லிக் காக்கும் தாவரங்களின் பட்டியல் என்பது தனி ஏற்பாடு. 2022 திருத்தத்தில் நீலக்குறிஞ்சி சேர்ந்தது அதில்தான். நீங்கள் படம் எடுத்த இடம் காப்பகத்துக்குள்ளா, எஸ்டேட் நிலத்திலா என்பது நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தெளிவாகவில்லை. எஸ்டேட் என்றால் சட்டக் கேள்வி மாறும், மேலே சொன்ன மற்ற எதுவும் மாறாது.

கையில் ஒன்றை எடுத்து வரத்தான் வேண்டும் என்றால் படம் எடுத்து வாருங்கள். ஆனால் முகத்துக்கு நேராக ஒரு பூ மட்டும் என்றால் அது போதாது. பூவின் பக்கவாட்டுத் தோற்றம், வால் முழுதும் தெரிகிற மாதிரி. தண்டின் நடுக் கணுவில் இலைகள் அமைந்த விதம். இலைக் காம்பும் அதில் சின்னச் சுரப்பிகள் இருந்தால் அவையும். இலையின் அடிப்பக்கம், ஒடிக்காமல் திருப்பிப் பிடித்து. முற்றிய காய். அப்புறம் நாலு அடி பின்னால் போய்ச் செடியும் பாறையும் நீரும் சேர்ந்த ஒரு படம். பாறை இடுக்குகளில் கால் வைக்காமல் நில்லுங்கள், நாற்றுகள் அங்கேதான் முளைக்கும். பொதுவில் போடும்போது ஓடையின் பெயரும் துல்லியமான இடமும் வேண்டாம்; ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் பதியலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பழைய மாதிரிகள் அங்கே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

வீட்டுக்கு ஒரு காசித்தும்பை வேண்டும் என்ற ஆசையில் ஒரு தப்பும் இல்லை. தோட்டக் காசித்தும்பை விதை எங்கேயும் கிடைக்கும். தொப்பி விழுவதையும் காய் வெடிப்பதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க அதுவே போதும். அந்த ஓடைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், அடுத்த முறை அங்கே தங்கும்போது விடுதிக்காரரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையிலும் அதே ஓடையிலிருந்துதானா, தொட்டி நிறைந்த பிறகு குழாயை மூடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மூடாமல் வழியவிடுபவர்கள் நிறைய. சொன்னால் மூடுபவர்களும் இருக்கிறார்கள். கீழே நிற்கும் செடிக்கு அது நேரடியாகப் போய்ச் சேரும்.